பழைய டேண்டம் சைக்கிளைச் சீரமைத்துக் குழந்தையோடு ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் என் மகளும் பழைய டேண்டம் சைக்கிளில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றி வருவதைப் பார்த்தவர்கள், சாப்பாட்டுக் கடையிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கையிலுள்ள பணத்தை முதலில் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் செலவிட வேண்டும், மீதமிருப்பதே பெயிண்டுக்கு என்பது என் உறுதியான கருத்து. பல பதில்கள் அதையொட்டியே அமைந்திருக்கின்றன.

டேண்டம் என்றால் இரண்டு சீட் வைத்த சைக்கிள்தானே? அதில் அப்படி என்ன தனி வேலை இருக்கிறது?

இரண்டு சீட் மட்டுமன்று, பெடல்களைத் தாங்கிச் சுற்றும் தண்டுகளான கிராங்கும் இரண்டு ஜோடி அதில் உண்டு. முன் கிராங்கையும் பின் கிராங்கையும் ஒரு நீண்ட செயின் இணைக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது இடப்பக்கம் இருக்கும். பின் கிராங்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின் வழக்கம்போல் வலப்பக்கம் ஓடும். இணைப்புச் செயினின் இரு முனைகளிலும் உள்ள பல்சக்கரங்களுக்குப் பற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இருவர் கால்களும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் இருப்பவரும் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் முன்னால் இருப்பவரின் பொறுப்பு. இருவரின் எடையையும் ஒரே ஜோடிச் சக்கரங்கள் சுமக்கின்றன, ஒரே ஜோடி பிரேக்குகள் நிறுத்துகின்றன. ஒற்றை ஆள் சைக்கிளுக்குப் போதுமான உதிரிப் பாகம் இதற்குப் பல சமயம் போதாமல் போவது அதனால்தான்.

இந்த ஊர்ப் பக்கத்தில் பழைய டேண்டம் எங்கே கிடைக்கும்?

ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்திறங்கும் பழைய சைக்கிள்களை விற்கும் கடைகளில் எப்போதாவது ஒன்று அகப்படும். கடற்கரைகளில் வாடகைக்கு விட்டுக் கழித்த வண்டிகளும் விற்பனைக்கு வரும். அவை உப்புக்காற்றில் நின்றவை என்பதால் அடுத்த பதிலில் சொல்லும் சோதனைகளை இரட்டிப்புக் கவனத்துடன் செய்யுங்கள்.

தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருந்தது என்று சொல்லி விலையை ஏற்றுபவர்களும் உண்டு. பின் சக்கரத்தின் நடுவிலுள்ள உருளையான ஹப், ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பாக இருந்தால் அதன் வெளிக்கூட்டைத் துடைத்துப் பாருங்கள். தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், பல ஹப்களில் மாதமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். 62, 5 என்று இருந்தால் அது 1962 மே மாதத்து ஹப். சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கவும் கூடுமென்பதால் இதை முழுச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

மேலெல்லாம் துருவாக இருக்கிறது. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

மேல்துருவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குரோமியப் பூச்சிலும் பெயிண்டிலும் படர்ந்த துரு உழைப்பால் போகும். பயப்பட வேண்டியது விரிசலுக்கும் உள்துருவுக்கும்தான். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதி, ஹேண்டில் கழுத்துக் குழாயின் அடிப்பக்க இணைப்பு, கிராங்க் அச்சுகள் சுழலும் இரண்டு கிராங்க் கூடுகளின் ஓரங்கள், பின் சக்கரம் அமரும் கொக்கிகள் ஆகிய இடங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயிண்டில் தலைமுடி போன்ற நேர்க்கோடு தெரிந்து, அதனுள்ளிருந்து பழுப்பு நிறம் கசிந்திருந்தால் அது விரிசலாக இருக்கலாம். ஃபோர்க்கில் அப்படி இருந்தால் வண்டியையே விட்டுவிடுங்கள்.

இரண்டு கிராங்க் கூடுகளையும் இணைக்கும் அடிக்குழாயில்தான் மழைநீர் தேங்கும். சிறு சுத்தியலால் அதன் நீளம் முழுதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்ற ஓசையும் அரித்த இடத்தில் மங்கிய ஓசையும் கேட்கும். ஃபிரேம் வளைந்திருக்கிறதா என்பதற்கு ஒரு நூல் போதும். கழுத்துக் குழாயைச் சுற்றி இருபுறமும் பின் கொக்கிகள் வரை நூலை இழுத்துக் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். கடைசியாக, சீட் தண்டு அசைகிறதா என்று முறுக்கிப் பாருங்கள். அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் பல ஆண்டுகள் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். குழந்தைக்காகச் சீட்டை இறக்க முடியாத வண்டியால் நமக்குப் பயனில்லை.

ரப்பர் பால் உறைய ஊற்றும் அமிலம் வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதில் ஊறவைத்தால் துரு போகாதா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கித்தாத் தோட்டங்களில் பால் உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், கண்ணைப் பாதிக்கும். அதன் ஆவி மூடிய கொட்டகையில் மூச்சைத் திணறடிக்கும். துருவோடு நல்ல இரும்பையும் அது அரிக்கும். குழாய்க்குள் புகுந்த அமிலத்தை முழுவதுமாகக் கழுவி எடுப்பதும் கடினம்.

குரோமியம் பூசிய பாகங்களுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதே போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. சிறிய இரும்புப் பாகங்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவலாம். பேரிங் குண்டுகளுக்கு இந்தச் சிரமமே வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

பழைய பெயிண்டை நானே சுரண்டி எடுக்கலாமா? பிள்ளையும் உதவி செய்ய ஆசைப்படுகிறான்.

பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய வேலைகள் பல உண்டு, இது அவற்றில் ஒன்றன்று. பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் உடலுக்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர் சாண்ட்பேப்பரையோ மின்சாரத் தேய்ப்பானையோ பயன்படுத்தாமல், ஈரமாகத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, கழிவைத் துணியில் ஒற்றியெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். வேலை செய்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். எல்லாவற்றிலும் எளியது, பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறையிலேயே பழைய பெயிண்டை எடுக்கச் சொல்லிவிடுவது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும் அந்த முறை குழாய்களை இணைக்கும் பித்தளைப் பற்றுவைப்பை ஒன்றும் செய்யாது. மரைகளை மட்டும் மூடிவைக்கச் சொல்லுங்கள்.

பழைய பெயிண்ட் ஓரளவு நன்றாக இருந்தால் அப்படியே விட்டு மெழுகு பூசுவதையே நான் விரும்புவேன். பிள்ளைக்குக் குண்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் போடும் வேலையைக் கொடுங்கள். குண்டுகள் தனித்தனியாக இருக்கும் வழக்கமான பழைய வண்டிகளில் ஒவ்வொரு கிராங்க் கூட்டிலும் கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு 11, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சிறிய குண்டுகள் என்பது பொதுக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் முதலில் கவனிப்பது பெரும்பாலும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

எவ்வளவு பலமாகத் திருகியும் கழலவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது?

இடப்பக்கப் பெடல்களின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஆங்கிலேய வண்டிகளில் கிராங்க் கூட்டின் வலப்பக்கக் கிண்ணமும் எதிர்மரை கொண்டது. பழைய பிரெஞ்சு வண்டிகள் பலவற்றில் இரு கிண்ணங்களும் சாதாரண மரையே, பெடல் துளையின் அளவும் வேறு. இக்காலப் பெடலை அதில் முறுக்கி ஏற்றினால் கிராங்க் பாழாகும். ஆகவே வண்டி எந்த நாட்டது என்று தெரிந்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.

கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு போன்ற ஆணியான காட்டர் பின் பிடித்திருந்தால், நட்டைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பின் வளையும், அடியின் அதிர்ச்சி பேரிங்கில் இறங்கும். துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டு, வைஸ் போன்ற கருவியால் அழுத்தித் தள்ளுவதே முறை. திரும்பப் பூட்டும்போது ஓர் அச்சின் இரு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே பக்கமாக நுழைத்தால் இரு கிராங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கா.

பழைய பிரேக்கே நன்றாகப் பிடிக்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

வெயிலில், தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். பழைய ரிம்கள் பெரும்பாலும் குரோமியம் பூசிய இரும்பாலானவை. அவை நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், வண்டி நிற்கும் தூரம் பலமடங்காகும். நம் பக்கத்தில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பின்னால் ஒரு குழந்தை இருக்கும்போது, நனைந்தாலும் பிடிக்கும் பிரேக் இருந்தே தீர வேண்டும்.

வழி இரண்டு. ரிம்மை அலுமினியத்துக்கு மாற்றி நல்ல கட்டைகள் போடுவது செலவு குறைந்தது. ஹப்புக்குள்ளேயே டிரம் பிரேக் உள்ள சக்கரம் கட்டுவது சிறந்தது, ஏனெனில் அதற்குள் மழைநீர் எளிதில் புகாது. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 2000-இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் டிரம் ஹப்களைத் தயாரித்து வருகிறது. 70 மி.மீ., 90 மி.மீ. என இரு அளவுகள் உண்டு. டேண்டத்துக்கு 90 மி.மீ. வாங்குங்கள். டிரம்மிலிருந்து நீளும் எதிர்விசைக் கை ஃபோர்க்கோடு பட்டை போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது கழன்றால் பிரேக் பிடிக்கும்போது அச்சே சுழன்றுவிடும்.

எந்த வழியானாலும் முன்னும் பின்னும் தனித்தனி பிரேக்குகள் இருக்க வேண்டும், இரண்டும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். பின் பிரேக்குக்குச் சாதாரணக் கேபிள் எட்டாது. டேண்டத்துக்கென 3 மீட்டர் வரை நீளமுள்ள கேபிள் இணையக் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு கேபிள்களை முறுக்கிச் சேர்க்கும் வேலையை யார் செய்து தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கேமரன் மலைக்குக் கொண்டுபோய் இறக்கத்தில் விடலாமா?

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலையிலிருந்து இறங்கும் சாலை போன்ற நீண்ட இறக்கங்களில், ரிம் பிரேக் மட்டும் உள்ள டேண்டத்தைக் குழந்தையோடு இறக்கக் கூடாது. இருவரின் எடையையும் இடைவிடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். நீண்ட இறக்கங்களுக்கென மூன்றாவது பிரேக்காகப் பின் ஹப்பில் டிரம் பூட்டி, அதைத் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடி இறங்குவதே டேண்டம் ஓட்டுபவர்களின் வழக்கம். அது இல்லையென்றால் சமவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

26 அங்குல டயர் வாங்கினேன், சேரவில்லை. வண்டியும் 26 என்றுதானே போட்டிருக்கிறது?

26 என்ற பெயரில் ஒன்றோடொன்று சேராத அளவுகள் பல உண்டு. பழைய ஆங்கிலேய வண்டியின் 26 × 1⅜ டயர் 590 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் அமர்வது. மலைச் சைக்கிளின் 26 அங்குல டயர் 559 மி.மீ. ரிம்முக்கானது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் மூன்றிலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

சக்கரத்தைப் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் நான் 559 ரிம்மையே பரிந்துரைப்பேன். அதற்கு அகலமான டயர்கள் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கின்றன, தோட்டத்துச் செம்மண் சாலைக்கு அகலம் தேவை. ரிம் சிறியதாவதால் பழைய பிரேக் கட்டை 15.5 மி.மீ. கீழே இறங்க வேண்டியிருக்கும். பல பிரேக்குகளுக்கு அந்த நீளம் இருக்காது. டிரம் பிரேக்கில் அந்தத் தொல்லையே இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகள் சக்கரத்துக்கு 36-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஹப் வாங்கும் முன் பின் கொக்கிகளின் உள் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

மூன்று கியர் ஹப் போதுமா?

சமவெளிக்குப் போதும். அந்த ஹப்பின் மூன்றாம் கியர் நடு கியரைவிட மூன்றில் ஒரு பங்கு வேகமானது, முதல் கியர் நான்கில் ஒரு பங்கு மெதுவானது. ஏற்றத்தில் சிரமமாக இருந்தால் பின் பல்சக்கரத்தை 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றுங்கள். மூன்று கியர்களும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலகுவாகும்.

ஆனால் பழைய மூன்று கியர் ஹப்பில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சரியாக முறுக்கப்படாவிட்டால் அழுத்தி மிதிக்கும்போது பெடல் திடீரென்று காற்றில் சுற்றும். பெரியவர் சமாளித்துக்கொள்வார், பிள்ளையின் தாடை பின் சீட்டுக்கு முன்னுள்ள ஹேண்டிலில் மோதும். கேபிளைச் சரிபார்க்காமல் புறப்படாதீர்கள்.

எத்தனை வயதிலிருந்து பிள்ளையை ஏற்றலாம்?

வயதைவிட நான்கு காரியங்களைப் பார்ப்பது நல்லது. ஹெல்மெட் அணிந்த தலையைக் குலுங்கும் சாலையிலும் நேராக வைத்திருக்க வேண்டும்; இரு கைகளையும் ஹேண்டிலிலிருந்து எடுக்காமல் இருக்க வேண்டும்; சொன்னவுடன் சொன்னதைச் செய்ய வேண்டும்; கால் பெடலுக்கு எட்ட வேண்டும். முதல் மூன்றும் பல பிள்ளைகளுக்கு நான்கைந்து வயதில் கைகூடுகின்றன. நான்காவதை நாம் செய்து கொடுக்கலாம், அது அடுத்த பதிலில். ஹெல்மெட்டில் இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

தூங்கிவிடும் பழக்கமுள்ள பிள்ளையை மதிய உணவுக்குப் பிறகு ஏற்றவே கூடாது. பின்னால் பேச்சு நின்றுவிட்டால் நீங்களும் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் என் மகளுக்குப் பெடல் எட்டவில்லை. என்ன செய்வது?

அளந்து கணக்குப் போடுங்கள். பிள்ளையைச் சுவரோரம் செருப்புடன் நிற்கவைத்து, கவட்டிலிருந்து தரை வரை அளவெடுங்கள். 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீட்டின் மேற்பரப்புக்கும், பெடல் அடியில் நிற்கும் நிலைக்கும் இடையே அதே 50 செ.மீ. இருந்தால், குதிகாலைப் பெடலில் வைக்கும்போது முழங்கால் நேராகும்; முன்பாதத்தால் மிதிக்கும்போது சற்று மடங்கி நிற்கும். அதுவே சரியான உயரம்.

இப்போது வண்டியை அளப்போம். சீட் குழாய் 55 செ.மீ., அதன் மேல் தண்டும் சீட்டும் குறைந்தது 9 செ.மீ. என்றால், கிராங்க் அச்சிலிருந்து சீட் வரை 64 செ.மீ. ஆகிறது. கிராங்க் 17 செ.மீ. என்றால் மொத்தம் 81. மகளுக்கு 31 செ.மீ. எட்டவில்லை. கிராங்கில் பூட்டி, பெடலை அச்சுக்கு அருகில் கொண்டுவரும் துளைக்கட்டைகள் விற்கின்றன. அவற்றால் கிராங்க் 12 செ.மீ. ஆனாலும் இன்னும் 26 செ.மீ. எட்டாது. ஆகவே இவ்வளவு சிறிய பிள்ளைக்குத் தனி கிராங்க் கூடு தேவை. சீட் குழாயில் பட்டை போட்டு இறுக்கும் ஒரு சிறு கூடு, அதில் குட்டைக் கிராங்குகள், அங்கிருந்து கீழேயுள்ள பின் கிராங்கின் இடப்பக்கத்தில் சேர்க்கப்படும் கூடுதல் பல்சக்கரத்துக்கு ஒரு சிறு செயின் என்பதே அதன் அமைப்பு. நம் கணக்கில் அந்தக் கூடு பழைய அச்சிலிருந்து 26 செ.மீ. மேலே நிற்கும். கீழே சும்மா சுற்றும் பெரிய கிராங்குகளிலிருந்து பெடல்களைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவை பிள்ளையின் காலில் இடிக்கும்.

பின்பக்கம் தாழ்ந்த, பெண்களுக்கான ஃபிரேம் அமைந்த டேண்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் சீட் குழாய் 40 செ.மீ. அளவில் இருந்தால், துளைக்கட்டை மட்டும் போட்டு 61 செ.மீ. கவட்டளவுள்ள பிள்ளையை ஏற்றிவிடலாம்.

தனிக் கூடு வாங்குவதற்குப் பதில், கதவு கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நல்ல பழைய ஃபிரேமின் குழாய்ச் சுவர் பல இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. கேட் கம்பிக்குப் பழகிய கை அதில் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். விழாவிட்டாலும் சூடுபட்ட இடத்தை ஒட்டிக் குழாய் பலமிழந்து பிற்பாடு விரிசல் விடலாம். பட்டை போட்டு இறுக்கும் பாகங்களையே பயன்படுத்துங்கள். பட்டைக்கும் குழாய்க்கும் இடையில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் பெயிண்ட் பிழைக்கும், கூடும் வழுக்காது.

செயின் தளர்ந்து கழன்றுகொண்டே இருக்கிறது.

எந்தச் செயின் என்று முதலில் பாருங்கள். இடப்பக்க இணைப்புச் செயின் என்றால், முன் கிராங்கின் அச்சு பெரும்பாலும் மையம் விலகிய ஓர் உருளைக்குள் அமைந்திருக்கும். பிடிப்பு ஆணிகளைத் தளர்த்தி, உருளையைத் திருப்பினால் அச்சு முன்னோக்கி நகர்ந்து செயின் இறுகும். நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 1 செ.மீ. மேலும் கீழும் அசைய வேண்டும். கம்பி போல் முறுக்கினால் பேரிங் தேயும். குழந்தைக் கூட்டின் சிறு செயினை, கூட்டை மேலே தள்ளி இறுக்கலாம்.

சிறு செயினுக்கும் பிள்ளையின் காலுக்கும் இடையில் கண்டிப்பாகக் கவசத் தகடு வேண்டும். பாவாடை, காலணிக் கயிறு இரண்டும் செயினில் மாட்டக்கூடியவை.

இருவர் பெடலும் ஒரே நிலையில் இருக்க வேண்டுமா, மாறி இருக்கலாமா?

இணைப்புச் செயினைக் கழற்றிச் சில பற்கள் தள்ளிப் பூட்டினால் நிலை மாறும். 90 டிகிரி மாற்றி வைத்தால் இழுவை சீராக இருக்கும் என்று சில பெரியவர் ஜோடிகள் விரும்புகிறார்கள். குழந்தையோடு ஓட்டும்போது ஒரே நிலையே நல்லது: புறப்படும்போது உங்கள் பெடல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையினுடையதும் இருக்கும், வளைவில் உள்பக்கப் பெடலை உயர்த்தினால் அவளுடையதும் உயரும். குழந்தைக் கூட்டின் பல்சக்கரமும் கீழே அது இணையும் சக்கரமும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் கொண்டிருந்தால்தான் இது நிலைக்கும். குழந்தைப் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்தால் பிள்ளையின் கால் மெதுவாகச் சுற்றும், ஆனால் நிலை மாறிக்கொண்டே இருக்கும். கால் வேகம் தாங்காத சிறு பிள்ளைக்கு அதுவும் ஏற்கத்தக்கதே.

மகன் மிதிப்பதை நிறுத்திவிட்டால் பெடல் காலில் அடிக்காதா?

அடிக்கும். முதல் பதிலில் சொன்னபடி கால்கள் ஒன்றாகவே சுற்றுவதால், நழுவிய கால்மீது அடுத்த சுற்றில் பெடல் வந்து மோதும். ரப்பர் பதித்த அகலப் பெடலும், பாதத்தின் மேல் ஒட்டிப் பிரிக்கும் பட்டையும் போடுங்கள். பட்டை பாதத்தை நழுவவிடாமல் பிடிக்க வேண்டும், இழுத்தால் பிரியவும் வேண்டும்.

ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் சும்மா சுழலும் பல்சக்கரமான ஃப்ரீவீலைக் குழந்தைக் கிராங்கிலேயே வைத்து, பிள்ளை ஓய்வெடுக்கும்போது நீங்கள் மட்டும் மிதிக்கும்படி செய்வதும் உண்டு. பின் சக்கரத்தில் செயின் ஹப்பை இழுக்கிறது. இங்கே கிராங்க் செயினை இழுக்க வேண்டும். ஃப்ரீவீல் பிடிக்கும் திசை அதற்கேற்ப இருக்கிறதா என்பதை வண்டியில் ஏற்றும் முன் கையில் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏறுவது, புறப்படுவது, நிறுத்துவது எப்படி? இருவரும் சேர்ந்து சாய்ந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் பெரியவர் ஃபிரேமின் இருபுறமும் கால்களை அகல ஊன்றி, இரு பிரேக்குகளையும் இறுகப் பிடித்து நிற்க வேண்டும். கால்களை அகல வைப்பது நிலையாக நிற்பதற்கு மட்டுமன்று. பிள்ளை பின்பெடலைச் சுற்றும்போது முன்பெடல் உங்கள் கணுக்காலில் இடிக்காமல் இருப்பதற்கும்தான். பிள்ளை ஏறி அமர்ந்து, பாதப் பட்டைகளை ஒட்டி, தயார் என்று சொன்ன பிறகே நீங்கள் ஒரு காலைப் பெடலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வண்டி முழுதும் நின்று, நீங்கள் இரு கால்களையும் ஊன்றி, இறங்கு என்று சொன்ன பிறகே பிள்ளை அசைய வேண்டும். இந்த ஒழுங்கில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிள்ளைக்கு முன்னால் தெரிவது உங்கள் முதுகு மட்டுமே. மேடு வருகிறது, வளைகிறோம், மிதிப்பதை நிறுத்துகிறேன், பிரேக் பிடிக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். முதல் நாட்களைப் பள்ளித் திடலிலோ கோயில் வளாகத்துக்கு வெளியே உள்ள காலி இடத்திலோ கழியுங்கள்.

எந்தச் சாலையில் ஓட்டலாம்?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. நம் பட்டணத்தின் வழியே கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் போகும் கூட்டரசு சாலை 1-இல் அனுமதி இருந்தாலும், லோரிகளின் காற்றே டேண்டத்தை அசைக்கும். குழந்தையோடு அதைக் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோட்டச் சாலைகளே நமக்கேற்றவை. அவை தனியார் நிலம் என்பதால் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். எந்த நாளில் எந்தப் பகுதியில் மருந்து தெளிக்கிறார்கள், குலை ஏற்றும் லோரி எப்போது வரும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதி முட்கள் டயரைத் துளைத்து டியூப் வரை போகும். மட்டை கிடந்தால் சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பஞ்சரானால் டிரம் சக்கரத்தைக் கழற்ற நேரம் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம்.

பழைய வண்டியில் இவ்வளவு மாற்றினால் அதன் மதிப்பு போய்விடாதா?

திரும்ப எடுக்கக்கூடிய மாற்றத்தால் மதிப்பு போகாது. துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் எண்ணெய் தடவி, பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். முன்பக்கப் பெயர்த் தகடும், குழாயில் ஒட்டிய பழைய எழுத்துகளும் பெயிண்ட் அடிக்கும் முன் படமெடுக்கப்பட வேண்டும். ஆனால் பழைய ரிம்மைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தையை மழையில் வழுக்கும் பிரேக்கோடு ஏற்றுவதை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

என் பிள்ளைக்குக் கண்பார்வை இல்லை. அவனையும் ஏற்றலாமா?

தாராளமாக ஏற்றலாம். பாராலிம்பிக் போட்டிகளில் பார்வையற்ற வீரர்கள் டேண்டத்தின் பின்னிருக்கையில்தான் ஓட்டுகிறார்கள், பார்வையுள்ள ஒருவர் முன்னால் இருந்து செலுத்துகிறார். மேலே சொன்ன நான்கு காரியங்களும் இவனுக்கும் பொருந்தும். புறப்படும் முன் வண்டி முழுவதையும், குறிப்பாகச் செயின் கவசத்தையும் பெடலையும், நிற்கும் நிலையில் கையால் தடவிப் பார்க்க விடுங்கள். முன்கூட்டியே சொல்லும் அறிவிப்புகள் இவனுக்கு இன்னும் முந்தியும் இன்னும் தெளிவாகவும் வர வேண்டும். சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறாளே, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் கவட்டளவை எடுத்து, முன்பு சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். முதலில் சீட்டை உயர்த்தினால் போதும், சீட் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. அடுத்து குழந்தைக் கூட்டைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, சிறு செயினில் கண்ணிகளைக் குறைக்க வேண்டியிருக்கும். நம் எடுத்துக்காட்டு வண்டியில் கவட்டளவு 76 செ.மீ. ஆகும்போது கூட்டைக் கழற்றிவிட்டு, கீழ்க் கிராங்குகளில் துளைக்கட்டையோடு ஓட்டலாம். 81 ஆனால் கட்டையும் தேவையில்லை.

கூட்டைக் கழற்றியதும் பட்டை இருந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். டியூப் துண்டுக்கு அடியில் ஈரம் தேங்கித் துரு தொடங்கியிருக்கும். அதைத் தேய்த்தெடுத்து அன்றே பெயிண்ட் தொட்டுவையுங்கள், கூட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள்.